பட்டை வெட்டிய மரத்தில் ஒரு தொட்டில்

கல்யாணமான ஆம்பிளை ஒருவர் தனக்கென்று ஒரு தொட்டில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினால் லயம் என்ன பாடுபடும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், நாங்கள் ஒரு காம்பராவிலும், தாத்தாவும் மாமாவும் அத்தையும் அடுத்த காம்பராவிலும் குடியிருந்தோம். நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா “நூறு” என்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எதைக் கண்டாலும் வாயைப் பிளக்கிற வயது. ஆனால் அன்றைக்கு வாயைப் பிளந்தது நான் மட்டுமில்லை.

மாமா தோட்டத்து வேலைக்குப் பெயர் பதியவில்லை. கொஞ்ச தூரத்தில் நீர்த்தேக்கத்துக் கரையில், கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கான ஓர் இடத்தில் வேலை செய்தார். வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் வீடு வாசல் மெத்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் குளிரில் வந்து, மரத்துக்கு மரம் துணி கட்டி அதற்குள் தூங்குவார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவேயில்லை. பிறகு போனில் படம் காட்டினார். பெரிய பெரிய ஆட்கள், தாடி வைத்தவர்கள், தொட்டிலில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயோ பாவம், இவர்களுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சாமானைத்தான் மாமா அன்று கொண்டுவந்தார். ஹேமக் என்றார். ஒரு றாத்தல் பாண் அளவு பைக்குள்ளிருந்து இழுக்க இழுக்கப் பச்சைத் துணி வந்துகொண்டே இருந்தது. இஸ்தோப்புத் திண்ணை நிறைய, எங்கள் வாசல் வரை வந்துவிட்டது. வேலை முடிந்து வந்த சனங்கள் கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தார்கள். தாத்தா உள்ளேயிருந்து வந்தார், துணியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“ஏன்டா, ஊரு ஒலகத்துல புள்ளையப் பெத்துட்டுத்தான்டா தொட்டி வாங்குவாங்க” என்றார்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அடுப்படி வாசலில் அத்தை நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தை உள்ளே போய்விட்டார். தாத்தா கெட்டவர் இல்லை. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் கிடக்கிற ரகம். ஆனால் கொட்டினது கொட்டினதுதானே.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாமல் நான் அலைந்ததுபோல் நீங்களும் அலைய வேண்டாம். அத்தை அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். அதற்கு முன்னும் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. நாள் தள்ளிப்போன மறுநாளே செய்தி லயம் முழுக்கப் பரவி, ஆளாளுக்கு வாழ்த்து சொல்லி, கண் பட்டுத்தான் இப்படி ஆனது என்பது அத்தையின் முடிவு. இந்தத் தடவை ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரியிலோ, மலைக்கு வேலைக்குப் போகாதே, முடிந்தவரை படுத்தே இரு என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கே படுப்பது? அந்தக் காம்பராவில் இருந்தது ஒரே கட்டில், அது தாத்தாவுடையது. தரையில் படுத்தால் சீமெந்துக் குளிர் எலும்பில் ஏறும். அடுப்புப் புகை வேறு. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி படுத்திருந்தால், என்ன புள்ள, ஏது புள்ள என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே முதுகு வலி என்று ஒரு பொய்யையும், அதற்கு வெள்ளைக்கார வைத்தியம் என்று இந்தத் தொட்டிலையும் மாமா சேர்த்தே கண்டுபிடித்திருந்தார். தனக்குத்தான் என்று முதலில் சொன்னது, வருகிற கேலியெல்லாம் தன் தலையில் விழட்டும் என்று. விழுந்தது. கொஞ்சமா நஞ்சமா!

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அதைத் தேர்ந்தெடுக்கப் பட்ட பாடு பெண் பார்க்கப் போனவர்கள்கூடப் பட்டிருக்கமாட்டார்கள். இரண்டு முனையிலும் கம்பு வைத்த ஒரு ரகம் உண்டாம், பார்க்கப் பாய் விரித்த மாதிரி அழகாக இருக்குமாம், ஏறிப் புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடுமாம். கயிற்று வலை ரகம் சதையைக் கடிக்குமாம். ஒடுக்கமான ஒற்றை ஆள் துணியில் படுத்தால் முதுகு வில்லாக வளையுமாம். அதனால் இரண்டு ஆள் படுக்கிற அகலத் துணியாக எடுத்து, அதில் நேராகப் படுக்காமல் குறுக்குவாட்டில் படுத்தால் முதுகு தட்டையாக இருக்கும் என்று எங்கள் அப்பாவை உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினார். அப்பா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

கட்டுவதற்கு மரம் வேண்டும். லயத்துக்குப் பின்னால் சரிவில் தேயிலைக்கு நிழல் தருகிற சவுக்கு மரங்கள் நின்றன. ஆனால் அவை கம்பெனி மரங்கள். ஒருத்தர் அதில் துணி காயப்போடக் கொடி கட்டப்போய், கணக்கப்பிள்ளை பார்த்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்களுக்குத் தெரியும். அப்பாதான் வழி சொன்னார்.

“மச்சான், பட்டை வெட்டுன மரம் நிக்குதுல்ல, அதுல கட்டுங்க. சாகப்போற மரத்துக்கு எவன் வந்து நாயம் கேக்கப்போறான்?”

அடடா என்ன மூளை என்று எல்லாருமே அப்பாவைப் பார்த்தோம். தோட்டத்தில் நிழல் மரத்தை எடுப்பதென்றால் உடனே வெட்டிச் சாய்க்கமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, நின்ற நிலையிலேயே சாகவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் வெட்டினால் வேரில் நோய் பிடித்துத் தேயிலைக்கும் பரவும் என்பார்கள். பட்டை போன பிறகும் மரம் மாசக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். அப்படி வளையம் வெட்டிய மரங்களில் இரண்டு, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும், கட்டுவதற்குத் தோதான தூரத்தில் லயத்துத் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் நின்றன.

செத்த மரத்தில் கட்டாதே என்பதுதான் மாமா வேலை செய்த இடத்தில் முதல் பாடமாம். அதை அவர் மறக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். இலை பச்சையாக இருந்தது, முறிந்த கிளை ஒன்றும் தொங்கவில்லை. மரத்தைக் கையால் தட்டினார். கயிறு மரத்தை அறுக்கும் என்று கை அகல நாடாக்களைக் கொண்டுவந்திருந்தார். கீழ் மரத்தில் தலைக்கு மேலே ஒன்றைச் சுற்றினார். மேல் மரம் சரிவில் உயர நின்றதால் அதில் இடுப்பளவில் சுற்றினால் போதும். அந்த உயரத்தில்தான் வெட்டு வளையமும் இருந்தது. நாடா அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. வழுக்காது பாரு, எங்களுக்குன்னே வெட்டி வெச்சிருக்கான் என்று மாமா சந்தோஷப்பட்டார். பட்டை வெட்டியவன் பட்டையோடு நிற்காமல் மரத்துக்குள்ளேயும் நன்றாகக் கோடாரியை இறக்கியிருந்தான். அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு சோதனை. முதலில் ஒரு மூட்டை மண்ணைத் தூக்கிப் போட்டார். அப்புறம் தானே ஏறினார். அப்புறம் லயத்திலேயே பாரமான ஆள் என்று எங்கள் அப்பாவை ஏற்றினார். அப்பா சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்கக்கூடாது, விழுந்தாலும் அடிபடக்கூடாது என்று நாடாவை இழுத்து இழுத்துச் சரிபார்த்தார் மாமா. கீழேயிருந்து காற்று முதுகில் ஏறும் என்று துணிக்கு அடியில் ஒரு கம்பளியையும் சேர்த்துக் கட்டினார். நான் என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முறையே வரவில்லை. பிள்ளைகள் ஒருத்தரும் தொடக்கூடாது என்றார். பஸ்ஸில் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எனக்கென்று கொண்டுவருகிற மாமா! நான் அழுத அழுகையில் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. மாமா அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பட்டப்பகலில், ஊர் பார்க்க, அந்தத் தொட்டிலில் படுக்கவைத்தார்.

பொண்டாட்டியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறவன் என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. மழைக்காலம் தொடங்கி, கூடாரத்துக்கு ஆள் வராமல் அவர் வீட்டிலேயே இருந்ததால் கேலிக்கு வசதியாகப் போனது. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், தொட்டிலைக் கட்டி, அத்தையைப் படுக்கவைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆம்பிளை! தேத்தண்ணி! லயத்துப் பெண்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாலும், போகிற போக்கில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி புளி மாங்காய் கொண்டுவந்து, முதுகு வலிக்கு நல்லது என்றாள். முதுகு வலிக்கு மாங்காய் எப்படி நல்லது என்று நான் பல நாள் யோசித்தேன். அம்மாவும் என்றைக்கோ கண்டுபிடித்திருக்க வேண்டும். அவளுடைய பெரிய ஸ்வெட்டரைத் திடீரென்று அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. பேச்சை எடுத்தால் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

தெரியாமல் இருந்தது பிள்ளைகளுக்கும் தாத்தாவுக்கும்தான். மருமகளை ஏறிட்டுப் பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டுக்கு வரும்போதுகூடத் திருப்பத்திலேயே நின்று ஒரு கனைப்பு கனைத்துவிட்டுத்தான் வருவார். அந்தக் கனைப்பைக் கேட்டதும் அத்தை துணியைப் பிடித்து மெல்ல எழுந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கடந்து போகும்வரை நிற்பார். மாமனார் வரும்போது காலை நீட்டிக்கொண்டு கிடப்பதாவது? ஆனால் எழுந்து எழுந்து நிற்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் தாத்தா காதிலேயே விழும்படி சொல்லிவிட்டார்.

“நீ எந்திரிக்காத புள்ள. மரியாதை மனசுல இருந்தா போதும்.”

தாத்தாவுக்கு முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து மகனோடு பேச்சில்லை. சாப்பாடும் எங்கள் காம்பராவில்தான். மாமா உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அத்தைக்குக் கொடுத்த சத்தியத்துக்காகத் தாத்தாவின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு திரிந்தார். அத்தை மட்டும் இரண்டு பேர் பேச்சையும் பாதி பாதி கேட்டார். மாமா இல்லாதபோது எழுந்து நிற்பார், மாமா பார்த்தால் திட்டு வாங்குவார்.

இப்படியே மாசங்கள் போயின. மரம் வெட்ட வருவதாகச் சொன்ன காண்ட்றாக்காரன் வரவேயில்லை. மேல் மரத்தில் இலை பழுத்து, கொட்டி, உச்சி மொட்டையானது. தினமும் பார்க்கிற மரம், தினமும் மலையை மூடுகிற மிஸ்ட் பனி, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மாமா ஒவ்வொரு தடவையும் நாடாவைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். மரத்தைப் பார்க்கவில்லை. முதல் நாளே பார்த்துவிட்டதாக நினைத்திருப்பார்.

அன்றைக்குக் காலையில் மழை பெய்து, மத்தியானத்துக்கு மேல் வெளுத்தது. காற்று மட்டும் ஓயவில்லை. அத்தை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொட்டிலில் கிடந்தார். மாமா கீழே தண்ணீர் கொட்டுகிற பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் கான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, அத்தை எப்போது எழுந்து போவார், நான் எப்போது ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன் என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பத்தில் தாத்தாவின் கனைப்புக் கேட்டது. அத்தை பீலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அத்தை மெதுவாகக் காலைக் கீழே வைத்து எழுந்து, கானுக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை வரை வந்துவிட்டார். தாத்தா லயத்துப் பக்கமாகக் குனிந்த தலையோடு வந்துகொண்டிருந்தார். அப்போது பின்னால் விறகு பிளக்கிறபோது கேட்குமே, அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், மேல் மரம் இடுப்பு ஒடிந்து சரிவில் கீழே வருகிறது.

தாத்தா அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. மருமகள் நிழலைக்கூட மிதிக்காத மனுஷன், அத்தையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் கானுக்கு இந்தப் பக்கத் தேயிலைக்குள் விழுந்தார்கள். மரம் நீட்டுவாக்கில் தொட்டிலின் மேலேயே படுத்தது. பச்சைத் துணி எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் கல்லிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

சத்தம் போட்டது மாமா. அத்தை எழுந்ததை அவர் பார்க்கவில்லை. மரம் விழுந்ததைத்தான் பார்த்தார். பீலியிலிருந்து எப்படி ஏறி வந்தாரோ, “புள்ள, புள்ள” என்று கதறிக்கொண்டே கிளைகளைப் பிய்த்து எறிந்தார். கையெல்லாம் ரத்தம். அத்தை அவருக்குப் பின்னால்தான், தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் பார்த்தார், உதடு மட்டும் அசைந்தது. தாத்தாதான் கடைசியில், “டேய், இந்தா இருக்குடா, இங்க பாருடா” என்று கத்தினார். மகனோடு பேசி எவ்வளவு காலம் ஆகியிருந்தது! மாமா திரும்பினார். பார்த்தார். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

லயமே ஓடி வந்தது. அம்மா வந்த வேகத்தில் அத்தையின் ஸ்வெட்டரை விலக்கி வயிற்றில் கையை வைத்தாள்.

“அசையுதா புள்ள?”

“தெரியலையே அண்ணி. ஒன்னுந் தெரியலையே” என்றார் அத்தை.

அதைக் கேட்ட பிறகுதான் தாத்தா முதல் தடவையாக மருமகளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், இன்னும் பிடித்துக்கொண்டிருந்த அத்தையின் கையை விட்டுவிட்டு, தலைத்துண்டை உருவி முகத்தை மூடிக்கொண்டார். மாங்காய் கொண்டுவந்தவள் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். என்ன அசைய வேண்டும், எதற்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காற்றில் எல்லாமேதான் அசைந்துகொண்டிருந்தது.

மாமா அழுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆசை ஆசையாய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய சாமான், இப்படி நசுங்கிக் கிடந்தால் யாருக்குத்தான் அழுகை வராது? என்னைத் தொடவிடாத கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு அவர் தோளைத் தொட்டேன்.

“அழாதீங்க மாமா. இது போனா போகுது. வேற ஒன்னு வாங்கிக்கலாம்.”

அம்மா எழுந்து என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். அதற்குள் அத்தை எட்டி என்னை இழுத்து, தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டார். ஸ்வெட்டர் மயிர் மூக்கில் ஏறியது. மூச்சுவிட முடியாமல் முகத்தைத் திருப்பியபோது உள்ளேயிருந்து என் கன்னத்தில் ஏதோ இடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, முதலைவிடப் பலமாக.

அத்தைக்கு விக்கல் எடுக்கிறது, தண்ணி குடுங்க என்று நான் கத்தினேன். ஒருத்தர்கூட அசையவில்லை. எல்லாரும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, பைத்தியம் பிடித்த மாதிரி சிரிக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பெரியவர்களை நம்பினால் அத்தை விக்கியே செத்துப்போவார் என்று, நானே செம்பைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு ஓடினேன்.